கையளவு வண்டிகள்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இம்மேடையில் புலவர்கள் பேசக் கேட்டும், இசைவாணர்கள் பாடக் கேட்டும் மகிழ்ந்து வந்தவன் நான். விழா நாளில் நாற்காலி எடுத்துப் போடுவதே இதுவரை இச்சங்கத்துக்கு நான் செய்த தொண்டு. இவ்வாண்டு செயலாளர் ஒருநாள் என் இல்லத்துக்கு நன்கொடைச் சீட்டுடன் வந்தார். கூடத்து அலமாரியில் வில்வண்டி, ஜட்கா, போர்க்காலத்துக் கரி பஸ், அம்பாசிடர் கார் எல்லாம் வரிசையாக நிற்பதைக் கண்டார். யாவும் கைக்கு அடங்கும் அளவினவை. சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், “இவ்வாண்டு இவற்றைப் பற்றி நீங்கள் பேசவேண்டும்” என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். நன்கொடையைக் கூட மறந்து போனார். அதைப் பிறகு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

எழுபது வயதைக் கடந்தவன் பொம்மை வண்டி செய்து கொண்டிருக்கிறானே என்று உங்களில் சிலர் எண்ணலாம். என் வீட்டிலேயே அவ்வாறு எண்ணுவோர் உண்டு. ஆதலின், இப்பொழுதுபோக்கு எத்துணைப் பழமையுடையது என்பதை முதலில் சொல்லி, என் பக்கம் சில சான்றோரைச் சேர்த்துக் கொள்கிறேன்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் என்னும் சங்கப் புலவர் பத்துப்பாட்டில் இரண்டு பாட்டுகள் பாடியவர். இரண்டிலும் சிறுவர் உருட்டும் தேர் வருகிறது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து முற்றத்தில் உணவு காய்கிறது. அதைத் தின்ன வரும் கோழியின்மேல் பெண்கள் தம் பொற்குழையைக் கழற்றி எறிகிறார்கள். அக்குழை, குதிரையின்றிப் பிள்ளைகள் உருட்டி வரும் மூன்று சக்கரச் சிறுதேரின் வழியை மறிக்கிறது. நாட்டின் செல்வத்தைச் சொல்லவந்த புலவர், தேருக்கு மூன்று கால் என்று எண்ணிச் சொல்ல மறக்கவில்லை. பெரும்பாணாற்றுப்படையில் வரும் தேரோ, தச்சர் வீட்டுப் பிள்ளைகளும் கண்டு ஆசைப்படும்படி செய்யப்பட்டது. ஏறிச் செல்ல இயலாத அந்நல்ல தேரை உருட்டிக் களைத்த பிள்ளைகள் பால் குடித்து உறங்குகிறார்கள். அப்பாட்டின் தலைவன் காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். தொண்டை நாட்டின் வடவெல்லை, நம் சாளரங்களைத் திறந்தால் தெரியும் இவ்வேங்கடம். ஆகவே அந்தச் சிறுதேர் நமக்கு அயலூர்த் தேர் அன்று.

குறுந்தொகையில் தும்பிசேர் கீரனார் இன்னும் நுட்பமாகச் சொல்கிறார். தச்சன் செய்த சிறு வண்டியில் பிள்ளைகள் ஏறிச் செல்ல முடியாது. ஆனாலும் கையால் இழுத்தே இன்பம் அடைகிறார்கள் என்பது அவர் உவமை. என் அலமாரியைக் கண்டு, “இவற்றால் என்ன பயன்?” என்று கேட்போருக்கு நான் சொல்லக்கூடிய விடையை அவர் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டார். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்தாம் பருவமும் சிறுதேர்ப் பருவமே. வடமொழியில் சூத்திரகர் எழுதிய நாடகத்துக்கு ‘மண்ணால் ஆன சிறு வண்டி’ என்றே பெயர். மகாராட்டிரத்துத் தைமாபாத்தில் 1974-ஆம் ஆண்டு மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த வெண்கல வண்டி, சிந்துவெளி நாகரிகத்தின் இறுதிக் காலத்தது என்பர். ஏறக்குறைய 45 செ.மீ. நீளமுள்ள அவ்வண்டியில் இரண்டு காளைகள் பூட்டியிருக்கின்றன, ஓட்டுவான் நின்றுகொண்டிருக்கிறான்.

ஆனால், அன்பர்களே, பொம்மை வேறு, மாதிரி வேறு. நான்கு உருளையும் ஒரு பெட்டியும் இருந்தால் பொம்மைக் கார் ஆகிவிடும். மாதிரி என்பது மூலப் பொருளின் ஒவ்வோர் உறுப்பும் ஒரே விகிதத்தில் குறுகி நிற்பது. ஓர் அடியை ஓர் அங்குலமாகக் குறைத்தால் பன்னிரண்டில் ஒன்று. அரை அங்குலமாகக் குறைத்தால் இருபத்து நான்கில் ஒன்று. அம்பாசிடர் கார் சுமார் 4.3 மீட்டர் நீளமுடையது; இருபத்து நான்கில் ஒன்றாக்கினால் 18 செ.மீ. ஆகும். நீளத்தைச் சரியாகக் குறைத்துவிட்டு, சக்கரத்தை மட்டும் கடையில் கிடைத்த அளவில் மாட்டினால், அது அம்பாசிடர் ஆகாது. பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஆயினும், “ஏதோ சரியில்லை” என்று கண் சொல்லிவிடும்.

இக்கணக்கு நம்மவர்க்குப் புதிதன்று. நம் சிற்ப நூலார் தாளம் என்னும் அளவை வகுத்தனர். முகத்தின் நீளம் ஒரு தாளம். பெருந்தெய்வ வடிவங்களுக்குப் பத்துத் தாளம் என்றும், பிள்ளையார் போன்ற குறுவடிவங்களுக்கு ஐந்து தாளம் என்றும் விதித்தனர். சிலை ஓரடி ஆயினும் ஆறடி ஆயினும் விகிதம் மாறாது. காளத்திக்கு அருகே மாதவமாலா என்னும் சிற்றூரில் மரச்சிற்பிகள் இன்றும் உளியும் கையுமாய் இருக்கிறார்கள். கைப்பிடி அளவான பெருமாளையும் ஆள் உயரப் பெருமாளையும் ஒரே விகிதத்தில் அவர்கள் செதுக்குவதைப் பார்த்தால், நான் வரைபலகையில் கற்ற பாடம் அவர்கள் விரலில் இருப்பது தெரியும்.

மேனாட்டாரிடத்தும் இக்கலை வளர்ந்த வரலாறு சுவையானது. லிவர்பூல் நகரத்துப் பிராங்க் ஹார்ன்பி என்பவர் துளையிட்ட தகட்டுப் பட்டைகளைத் திருகாணியால் பூட்டி விளையாடும் கருவிக்கு 1901-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். அதுவே மெக்கானோ. அவருடைய நிறுவனம் 1930-களில் டிங்கி என்ற பெயரில் சிறு வார்ப்புக் கார்களை வெளியிட்டது. அவை பொம்மை ரயிலுக்குத் துணையாகப் பிறந்தவை. ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்பது அந்த ரயிலின் அளவு. சேகரிப்போர் நாற்பத்து மூன்றில் ஒன்று என்று இன்றும் விரும்பிக் கேட்கும் விசித்திரமான விகிதம் இப்படித்தான் வந்தது. இங்கிலாந்தில் ஜாக் ஓடெல் என்னும் பொறியாளரின் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையைத்தான் கொண்டு வரலாம் என்று விதி இருந்தது. தந்தை பித்தளையில் ஒரு சின்னஞ்சிறு சாலை உருளையைச் செய்து தீப்பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தார். 1953-இல் தொடங்கிய ‘மேட்ச்பாக்ஸ்’ கார்களுக்கு அதுவே தாய். அந்நிறுவனம் 1956-இல் பழங்காலக் கார்களுக்கென்றே ஒரு தனி வரிசையைத் தொடங்கியது. அதற்குப் பின்னரே பெரியவர்களும் வெட்கமின்றிப் பொம்மைக் கடைக்குள் நுழைந்தார்கள் என்று நான் எண்ணுகிறேன்!

இனி என் கதைக்கு வருகிறேன். தொழிலால் நான் பட்டறை ஒன்றில் வரைபடம் வரைந்தவன். அளவில்லாமல் ஒரு கோடும் போடக்கூடாது என்பதே நான் முப்பத்தைந்து ஆண்டுகள் உண்ட சோறு. ஓய்வு பெற்றதும் எங்கள் வீட்டு வில்வண்டியைச் செய்யவேண்டும் என்ற ஆசை எழுந்தது. குடியாத்தத்துப் பக்கம் எங்கள் ஊர். என் தாயார் மணமாகிச் சித்தூருக்கு வந்தது அந்த வண்டியில். நான் பள்ளிக்கூட விடுமுறைக்குத் தாத்தா வீட்டுக்குப் போனதும் அதில்தான். 1971-இல் அது விலைக்குப் போய்விட்டது. படம் ஒன்றும் எடுத்து வைக்கவில்லை. ஆனால் கண்ணை மூடினால் வண்டி முழுவதும் தெரிந்தது. நினைவு இருக்க அளவு எதற்கு என்று துணிந்து, பன்னிரண்டில் ஒன்றாகத் தொடங்கினேன். வாழ்நாளெல்லாம் பிறருக்குச் சொன்ன விதியை என் வீட்டு வண்டிக்கு நானே மீறினேன்.

ஒன்பது மாதம் ஆயிற்று. கூண்டு வளைந்தது, வில் அமைந்தது, உள்ளே வைக்கோல் மெத்தையும் அதன்மேல் சமக்காளமும் கூட விரித்தேன். அப்போது என் தாயாருக்கு 88 வயது. கண் பார்வை மங்கியிருந்தது. வண்டியை அவர் மடியில் வைத்தேன். அவர் விரலால் தடவித் தடவிப் பார்த்தார். நுகத்தடியைத் தொட்டார், கூண்டைத் தொட்டார், பின்புறம் வந்ததும் விரல் நின்றது. கீழே எதையோ தேடியது.

“பாட்டி படி எங்கேடா?” என்றார்.

ஏறுவதற்கு ஒரு படி வைத்திருந்தேன். அதைத் தொட்டுக் காட்டினேன். “இது எல்லா வண்டிக்கும் இருக்கிற படி. இதற்குக் கீழே இன்னொன்று இருந்ததே” என்றார். என் பாட்டி குள்ளமானவர். ஏறும்போது பிறர் கை கொடுப்பது அவருக்குக் கூச்சம். ஆகையால் தாத்தா கொல்லனிடம் சொல்லி, தாழ்வாக இன்னொரு சிறு படியை இரும்பில் அடித்துப் பொருத்தச் செய்தாராம். அந்தக் குடும்பத்தில் ஒரு மனிதர் தம் மனைவிக்கு வாய்விட்டு ஒரு சொல்லும் அன்பாகச் சொன்னதாக யாரும் கேட்டதில்லை. சொல்லியது அந்தப் படி ஒன்றுதான். ஒன்பது மாதம் உழைத்து நான் செய்த வண்டியில் அந்தப் படி இல்லை.

மறுநாள் ஒரு தகட்டுத் துண்டை வளைத்து, தாயார் சொன்ன இடத்தில், அவர் விரல் காட்டிய உயரத்தில் பொருத்தினேன். ஆனால் மனத்தில் ஐயம் புகுந்துவிட்டது. படியை மறந்த நினைவு வேறு எதையெல்லாம் மறந்ததோ? ஊருக்குப் புறப்பட்டுப் போனேன். வண்டியை வாங்கியவர் வீட்டில் வண்டி இல்லை. ஒற்றைச் சக்கரம் மட்டும் மாட்டுக் கொட்டகைச் சுவரில் சாய்ந்திருந்தது. அளவு நாடாவை வைத்தேன். 4 அடி. என் மாதிரியின் சக்கரமோ 5 அங்குலம். அதாவது 5 அடிச் சக்கரம்! சிறுவனாக நின்று அண்ணாந்து பார்த்த சக்கரம் அது. என் உயரம் கூடியது; நினைவில் இருந்த சக்கரம் குறையவில்லை. நினைவுக்கு அன்பு உண்டு. அளவுகோல் இல்லை என்பதை அன்று அறிந்தேன். இரண்டு சக்கரங்களையும் பிரித்து, 4 அங்குலமாகப் புதிதாகச் செய்தேன்.

அன்பர்களே, இன்று நான் உங்களிடம் சொல்ல வந்தது இந்த ஒன்றே. மறைந்து வரும் வண்டிகளைச் சிறிதாகச் செய்து வைப்பது இனிய பொழுதுபோக்குத்தான். ஆனால் அதன் முதல் வேலை உளியைத் தேடுவது அன்று; வண்டியைத் தொட்டவர்களும் வண்டியின் எச்சங்களும் இருக்கும்போதே கேட்டும் அளந்தும் வைப்பது. மரம் பிறகு கிடைக்கும். பசை பிறகு கிடைக்கும். “பாட்டி படி எங்கே?” என்று கேட்பவர் பிறகு கிடைக்கமாட்டார். என் தாயார் அடுத்த தைக்கு இல்லை.

மரம் மக்கும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். தாராசுரத்துக் கோயிலின் முன்மண்டபத்தைப் பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சோழர் தேராகவே அமைத்து, கல்லில் சக்கரமும் குதிரையும் வைத்தனர். ஹம்பி விட்டலர் கோயிலில் விசயநகரத்தார் அமைத்த கருடன் சன்னதியும் கல் தேரே. அவர்களுடைய பிற்காலத் தலைநகரங்களுள் ஒன்று நமக்கு அண்மையிலுள்ள சந்திரகிரி. அக்காலத்து மரத்தேர்கள் நமக்குக் கிட்டவில்லை. தேரின் வடிவத்தைக் கல் நமக்குக் காத்துத் தந்திருக்கிறது. நமக்குக் கல்லில் செதுக்கும் வலிமை இல்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் அளவு எழுதும் வலிமை உண்டு.

செய்முறையையும் சுருக்கமாகச் சொல்கிறேன். இளைஞர்கள் குறித்துக் கொள்ளலாம்.

முதலில் மூலத்தை அளக்கவேண்டும். நீளம், அகலம், உயரம், இரு சக்கரங்களுக்கு இடையிலுள்ள தொலைவு, சக்கரத்தின் விட்டம், ஆரக்கால்களின் எண்ணிக்கை ஆகியவை இன்றியமையாதவை. படம் எடுக்கும்போது வண்டியின்மேல் ஓர் அடிக்கோலைச் சாய்த்து வைத்து எடுத்தால், அளக்க மறந்ததைப் பின்னர் படத்திலிருந்தே கணக்கிடலாம். பிறகு, செய்யப்போகும் அளவிலேயே பக்கவாட்டுத் தோற்றம், முன் தோற்றம், மேல் தோற்றம் ஆகிய மூன்றையும் தாளில் வரையவேண்டும். ஒவ்வோர் உறுப்பையும் செய்தவுடன் அத்தாளின்மேல் வைத்துப் பார்த்தால் பிழை உடனே தெரியும்.

மரம் தேர்வதில் ஒரு நுட்பம் உண்டு. வண்டி பன்னிரண்டில் ஒன்றாகக் குறையும். மரத்தின் இழை குறையாது. தேக்கின் பருத்த இழை சிறு மாதிரியில் பனைநாரைப்போல் தோன்றும். ஆகவே நெருங்கிய இழையுள்ள மரம் வேண்டும். சென்னபட்டணத்துப் பொம்மைகளுக்கும் எட்டிக்கொப்பாக்கத்துப் பொம்மைகளுக்கும் பயன்படும் வெட்பாலை இதற்கு ஏற்றது. திருப்பதிக்குச் சென்று வருவோர் முற்காலத்தில் குழந்தைகளுக்கு வாங்கி வந்த மரப்பாச்சி, செம்மரத்தில் கடைந்தது. ஆனால் செம்மரம் இன்று சட்டத்தின் காவலில் உள்ள மரம். அதை நாம் நாடவேண்டா. வண்ணத்துக்கும் இதே விதி. பூச்சின் கனம் விகிதத்தில் குறையாது. ஆகையால் நீர்க்கப் பூசி, உலர்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்து, மீண்டும் நீர்க்கப் பூசவேண்டும்.

சக்கரமே இக்கலையின் உயிர். வட்டம் வரைந்து, அதே ஆரத்தை வட்டத்தின்மேல் அடுத்தடுத்துக் குறித்துச் சென்றால் சரியாக ஆறு பங்கு வரும். ஆறு வட்டைகள், வட்டைக்கு இரண்டு ஆரக்கால், ஆகப் பன்னிரண்டு. நம் ஊர்த் தச்சர் கணக்கும் கவராயக் கணக்கும் ஒன்றாகும் அழகைச் சிறுவர்க்குக் காட்டுங்கள், வடிவியல் கசக்காது. ஆரக்காலுக்கு மூங்கிற் குச்சி போதும். குடத்தில் பன்னிரண்டு துளைகளையும் ஒரே கோணத்தில் இடுவதற்குத்தான் பொறுமை வேண்டும். மெய்யான வண்டிக்குக் கொல்லன் இரும்புப் பட்டாவை நெருப்பில் காய்ச்சி, அது விரிந்திருக்கையில் மாட்டி, நீரூற்றிக் குளிரச் செய்வான். இரும்பு சுருங்கி வட்டைகளை இறுக்கிப் பிடிக்கும். நமக்குத் தகர டப்பாவிலிருந்து வெட்டிய மெல்லிய பட்டையும் ஒரு துளிப் பசையும் போதும். ஆனால் கொல்லன் செய்வதை ஒருமுறையேனும் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

எடையைப் பற்றி ஒரு வேடிக்கைக் கணக்கு. நீளம் பன்னிரண்டில் ஒன்றானால் பருமன் 1,728-இல் ஒன்றாகும். 350 கிலோகிராம் எடையுள்ள வண்டியை அதே மரத்தாலும் இரும்பாலும் செய்தால் மாதிரி சுமார் 200 கிராம்தான் இருக்கும். என் பேரன் இதை நம்பாமல் தராசில் நிறுத்துப் பார்த்தான். அன்று முதல் கன அளவைப் பற்றி அவனுக்கு ஐயம் எழவில்லை.

நம் மாவட்டத்தில் எவற்றைச் செய்யலாம் என்று கேட்பீர்கள். செல்வம் நிறையக் கிடக்கிறது. திருமலைக்கு முதல் மலைப்பாதை 1944-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் படி ஏறியோ டோலியில் அமர்ந்தோதான் மலைக்குச் செல்லவேண்டும். 1974-இல் இரண்டாவது பாதை வந்தபின், பழைய பாதை இறங்குவதற்கும் புதிய பாதை ஏறுவதற்கும் ஆயின. 2022 முதல் மின்சாரப் பேருந்துகளும் மலையேறுகின்றன. டோலியையும், பழைய மலைப் பேருந்தையும், மின்சாரப் பேருந்தையும் ஒரே விகிதத்தில் செய்து ஒரு பலகையில் வைத்தால், ஒரு மலையின் முக்கால் நூற்றாண்டு வரலாறு குழந்தைக்கும் விளங்கும்.

1939 முதல் 1945 வரை நடந்த போரில் பெட்ரோல் அரிதாயிற்று. அப்போது பேருந்தின் பின்புறம் ஓர் உலையைப் பொருத்தி, மரக்கரியை எரித்து எழும் வாயுவால் ஓட்டினார்கள். வண்டி புறப்படுமுன் விசிறியைச் சுற்றிச் சுற்றிக் கை சோர்ந்ததைச் சொல்லும் முதியோர் சிலரே மிஞ்சியிருக்கிறார்கள். என் அலமாரியில் நிற்கும் கரி பஸ், அத்தகைய முதியவர் ஒருவர் திண்ணையில் அமர்ந்து சொல்லச் சொல்ல வரைந்தது.

பாகாலா வழியாகத் தருமாவரம் சென்ற பழைய ரயில் ஒரு மீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓடியது. அதுவும் இன்று அகலப் பாதையாகிவிட்டது. ரயில் மாதிரி செய்வோர் பெரிதும் விரும்புவது எண்பத்தேழில் ஒன்று என்னும் விகிதம். கடையில் கிடைக்கும் தண்டவாளம் மேனாட்டு அகலத்துக்கு உரிய 16.5 மில்லிமீட்டர். நம் அகலப் பாதையோ 1,676 மில்லிமீட்டர், அந்த விகிதத்தில் 19 மில்லிமீட்டருக்கு மேல் வரும், பொருந்தாது. ஆனால் நம் பழைய மீட்டர் பாதைக்கு 11.5 மில்லிமீட்டர் போதும். சுவிட்சர்லாந்து மலை ரயில்களின் மாதிரிக்கென விற்கும் 12 மில்லிமீட்டர்த் தண்டவாளம் அதற்கு ஏறக்குறைய ஒத்துவரும். பாகாலா ரயிலுக்கு ஆல்ப்ஸ் மலை உதவுகிறது!

கார்களைச் சொல்லவேண்டா. நம் சாலைகளை ஆண்ட அம்பாசிடரின் உற்பத்தி 2014-இல் நின்றது. சென்னையில் 1961 முதல் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டைக் காண்பதே இன்று அரிது. 50 ஆண்டுகளைக் கடந்து மூல வடிவம் மாறாதிருக்கும் வண்டிகளைத் தொன்மை வண்டிகள் எனத் தனியே பதிவு செய்ய 2021-இல் மைய அரசு விதி வகுத்தது. கோவையில் ஜி. டி. நாயுடு பெயர் விளங்கப் பழங்கார்களின் அருங்காட்சியகம் 2015 முதல் இருக்கிறது. மெய்யான பழங்காரைப் பேணச் செல்வர்களால் இயலும். மாதச் சம்பளக்காரனுக்கு அதன் இருபத்து நான்கில் ஒரு பங்கே வாய்க்கும். ஆனால் அதைத் தன் கையாலேயே செய்துகொள்ளும் பேறும் அவனுக்கு உண்டு.

வாகனம் என்ற சொல்லுக்கு இவ்வூரில் வேறு பொருளும் உண்டு என்பதை மறக்கலாகாது. பிரமோற்சவத்தில் பெரிய சேடம், அன்னம், சிங்கம், கருடன், அனுமன், யானை, சூரியப் பிரபை, சந்திரப் பிரபை, எட்டாம் நாள் திருத்தேர், பின்னர்க் குதிரை என்று வரிசையாக எழுந்தருளுவதைக் கண்டு வளர்கின்றன நம் குழந்தைகள். நவராத்திரிக் கொலுவில் அந்த வரிசையை ஒரே விகிதத்தில் செய்து வைக்க எந்தக் குழந்தைக்கு ஆசை வராது?

ஆதலின், இச்சங்கத்தின்முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். பணம் மிகுதியும் வேண்டாதவை. ஆகவே பொருளாளர் அஞ்சவேண்டா.

ஒன்று: சங்கத்தில் ஓர் அளவேடு வைப்போம். ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டிலோ ஊரிலோ எஞ்சியிருக்கும் ஒரு பழைய வண்டியை, வண்டி இல்லையேல் ஒரு சக்கரத்தையாவது அளந்து எழுதித் தரட்டும். அதனுடன் அவ்வண்டியை அறிந்த பெரியவர் சொன்னதையும் எழுதட்டும். இப்பணியில் நம் தெலுங்கு அண்டை வீட்டாரையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். இம்மாவட்டத்தில் தமிழ் வீட்டு வண்டியைத் தெலுங்குத் தச்சர் செய்ததும் உண்டு, மறுதலையும் உண்டு. நாம் இருசு என்பதை அவர்களும் இருசு என்றே சொல்கிறார்கள். நாம் நுகத்தடி என்பது அவர்களுக்குக் காடி. 1911-இல் சித்தூர் மாவட்டம் பிறந்தது. 1960-இல் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக் கோடுகள் மாறின. சக்கரத்தின் கணக்கு மாறவில்லை.

மற்றொன்று: வரும் நவராத்திரியில் சங்கக் கொலுவில் ஒரு படியை நம் சிறுவர் சிறுமியர் கையால் செய்த வண்டிகளுக்கு ஒதுக்குவோம். வாங்கிய வண்டிக்கு அங்கே இடமில்லை. கோணலாயினும் செய்ததே வைக்கப்படும். ஆனால் விகிதம் பிழைத்திருந்தால் கனிவோடு எடுத்துச் சொல்வோம். வாள், கத்தி முதலியவற்றைப் பெரியவர் அருகிருந்தே கையாளச் செய்வோம்.

ஊரை விட்டு வந்தவர்கள் நாம். ஊரை முழுதாகக் கொண்டுவர யாராலும் இயலவில்லை. பொங்கலையும் கொலுவையும் இந்த ஆண்டு விழாவையும் கைக்கு அடங்கும் அளவில் கொண்டு வந்திருக்கிறோம். சிறிதாக இருப்பதில் குறையில்லை. பெரியதை ஒதுக்கி வசதியானதை மட்டும் எடுத்துக்கொண்டால் விகிதம் கெடும். குள்ளமான ஒரு பாட்டிக்காக வைத்த படியும் அதில் இருக்கவேண்டும்.

இன்று வீடு திரும்பியதும் உங்கள் வீட்டுப் பெரியவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “அந்தக் காலத்தில் நீங்கள் ஏறிய வண்டி எப்படி இருந்தது?” கையில் பென்சிலும் தாளும் வைத்துக் கொண்டு கேளுங்கள்.

 செயலாளர் விரும்பியபடி அந்த வில்வண்டியை இங்கே மேசைமேல் வைத்திருக்கிறேன். விழா முடிந்ததும் அனைவரும் வந்து பார்க்கலாம். குழந்தைகள் தொட்டும் பார்க்கலாம். கீழே உள்ள படியைத் தொடும்போது மட்டும் சற்று மெதுவாகத் தொடுங்கள்.